புதுப்பிப்பு: மாவுக்கட்டும் மாடர்ன் தியேட்டர்ஸும்

கால் முறிந்து சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் கிடக்கிறேன், என்ன பார்க்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். சொன்னவர்களுக்கு நன்றி. 'விலங்கு' வெப் தொடர் ஏழு பகுதியும் இரண்டே நாளில் முடிந்தது. விமல் இப்படி நடிப்பார் என்று நினைக்கவே இல்லை. இன்னொரு தொடர் 'சுழல்' பாதியில் நிற்கிறது. தான் இல்லாமல் பார்க்கக் கூடாதாம், அம்மா உத்தரவு.

யாரோ போகிறபோக்கில் சொன்ன பழைய படம்தான் உண்மையில் கைகொடுத்தது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தினமும் வண்டியில் கடந்தவன் நான். அவர்கள் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், இப்போதுதான் பார்த்தேன். வில்லன் பி.எஸ். வீரப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு இரண்டரை மணிக்கு.

கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள். சரி, அடுத்து எது?