ஒரு சனிக்கிழமை இரவின் விலை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான், மாலை 6.05
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் என்னை இரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டுக் கிளை ஒன்றுக்கு அனுப்ப முடிவு செய்திருக்கிறார்கள். சிங்கப்பூர், டோக்கியோ, லண்டன் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்பதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும். வீட்டு வாடகையை அலுவலகமே கட்டிவிடும். ஆகவே நான் கணக்குப் போட வேண்டியது சாப்பாட்டுச் செலவையும், வார இறுதியில் உடன் வேலை செய்பவர்களோடு வெளியே போய் வரும் செலவையும்தான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் நியூயார்க்கை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கு ஓர் எண்ணைத் தருகின்றன. சனிக்கிழமை இரவு என் பையிலிருந்து எவ்வளவு போகும் என்பது அந்த எண்ணிலிருந்து எனக்குத் தெரியவில்லை. அந்தந்த ஊரில் குடியிருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா, மாலை 6.11
உலகிலேயே செலவு மிகுந்த ஊர் சிங்கப்பூர் என்று பல முறை செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, மாலை 6.24
அண்ணா, அந்தச் செய்தி பொய்யில்லை. எக்கானமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் சிங்கப்பூரையும் சூரிக்கையும் ஒன்றாக முதலிடத்தில் வைத்தது. ஆனால் அந்த முதலிடத்திற்குப் பெரிய காரணங்களில் ஒன்று கார். இங்கே கார் வாங்க வேண்டுமானால், காரின் விலைக்கு மேல், பத்து ஆண்டுகள் அதை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். தம்பி கார் வாங்கப் போவதில்லையே. அவனுடைய சாப்பாட்டுக் கணக்கில் அந்தச் சுமையைச் சேர்ப்பது சரியாகாது.

தம்பி, இந்த ஊரில் இரண்டு விதச் சாப்பாடு உண்டு என்று வைத்துக்கொள். ஒன்று உணவங்காடி நிலையச் சாப்பாடு. லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவிலோ, வீட்டுக்குக் கீழே இருக்கும் அங்காடியிலோ ஐந்து ஆறு வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், வயிறு நிறையும். இரண்டு வெள்ளிக்குள் ஒரு கோப்பி கிடைக்கும். அங்கே சேவைக் கட்டணம் கிடையாது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடைகள் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், பெரும்பாலான சிறு கடைகளில் பலகையில் போட்டிருக்கும் விலைதான் நீ கொடுக்கும் விலை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, ஏனென்றால் வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போட்டது அந்த மேசைகள்தான்.

இன்னொன்று குளிர்சாதன உணவகம். அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது குறி பொருள் சேவை வரி. வரி 2024 ஜனவரியிலிருந்து ஒன்பது விழுக்காடு. அது சாப்பாட்டுக்கு மட்டுமல்லாமல் சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். நான்கு பேர் 120 வெள்ளிக்குச் சாப்பிட்டால், சேவைக் கட்டணத்தோடு 132, வரியோடு 143 வெள்ளி 88 காசு. ஆளுக்கு முப்பது வெள்ளி என்று நினைத்து உட்கார்ந்தவன் ஏறக்குறைய முப்பத்தாறு வெள்ளி கொடுத்துவிட்டு எழுந்திருப்பான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் அதற்கும் சில கடைகளில் காசு வாங்குவார்கள்.

நான், மாலை 6.29
சித்தப்பா, நான் மது அருந்துவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உடன் வருகிறவர்கள் அருந்துவார்கள். பில்லைச் சமமாகப் பிரித்தால் அந்தச் செலவும் என் தலையில் விழுமே?

சிங்கப்பூர்ச் சித்தப்பா, மாலை 6.41
விழும். அதுவும் இங்கே கனமாகவே விழும். பியருக்கு அதில் உள்ள சாராயத்தின் அளவில் லிட்டருக்கு 60 வெள்ளியும், ஒயினுக்கும் விஸ்கி போன்றவற்றுக்கும் லிட்டருக்கு 88 வெள்ளியும் தீர்வை உண்டு. நாற்பது விழுக்காடு சாராயம் உள்ள 700 மில்லி விஸ்கிப் புட்டி ஒன்றுக்குத் தீர்வை மட்டும் 24 வெள்ளி 64 காசு ஆகிறது. ஐந்து விழுக்காடு உள்ள அரை லிட்டர் பியருக்கு ஒன்றரை வெள்ளிதான் தீர்வை. ஆனால் அதே பியர் ஆற்றங்கரை மதுக்கூடத்தில் பதினைந்து வெள்ளியைத் தொடுவதற்குத் தீர்வையைவிடக் கடை வாடகைதான் காரணம் என்பது என் எண்ணம். அதற்கு மேலும் அந்த இரண்டு கூட்டல் குறிகள் உண்டு.

கடையில் மலிவாக வாங்கி வெளியே உட்கார்ந்து குடிக்கலாம் என்று யாராவது உன்னை அழைத்தால் போகாதே. 2015 ஏப்ரலிலிருந்து இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் மது அருந்துவது சட்டப்படி குற்றம். லிட்டில் இந்தியாவில் வார இறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. குடிக்காதவனாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் நீ இருக்க வேண்டாம்.

கோலாலம்பூர் அண்ணன், மாலை 6.46
பட்டியலில் எங்கள் ஊர் இல்லை என்பது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே இரவு என்றால் மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கடைகள் அவை. அந்தப் பெயரே நம் ‘மாமா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பல கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். ஒரு ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது), ஒரு தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) என்று சில ரிங்கிட்டுகளில் நள்ளிரவு தாண்டியும் நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் எழுந்துபோகச் சொல்ல மாட்டார்கள். உன் நிறுவனம் இங்கே ஒரு கிளை வைத்திருக்கக் கூடாதா!

டோக்கியோ அக்கா, மாலை 6.58
தம்பி, சம்பளம் எந்த நாணயத்தில் வரும்? அதைச் சொல்லாமல் எங்கள் ஊரைப் பற்றிப் பேச முடியாது.

நான், மாலை 7.00
அந்தந்த நாட்டு நாணயத்தில்தான் அக்கா.

டோக்கியோ அக்கா, மாலை 7.19
அப்படியானால் கவனமாகக் கேள். டோக்கியோ மலிவாகிவிட்டது என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது உண்மை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 103 யென் அளவில் இருந்தது. 2024 நடுவில் 160ஐயும் தாண்டியது. டாலரில் போடும் பட்டியலில் எங்கள் ஊர் சரசரவென்று கீழே இறங்கியது. ஆனால் யென்னில் சம்பளம் வாங்குகிற எனக்கு ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலை இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. அதே காலத்தில் 100 யென் அனுப்பினால் அம்மாவுக்கு ஏறக்குறைய 70 ரூபாய் கிடைத்த நிலை மாறி, 52 ரூபாய் அளவுக்கு வந்தது. நான் அனுப்பிய பணம் குறைந்ததாக அம்மா நினைத்துவிடக் கூடாது என்று அந்த மாதங்களில் கூடுதலாக அனுப்பினேன். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

இனிச் செலவு. நின்றபடி சாப்பிடும் சோபாக் கடையில் ஐந்நூறு யென் அளவில் மதியச் சாப்பாடு முடியும். உட்கார்ந்து சாப்பிடும் மதியத் தட்டு ஆயிரம் யென் பக்கம் வரும். தண்ணீர் இலவசம், அன்பளிப்பு வைக்கும் வழக்கமே கிடையாது, வைத்தால் ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். நுகர்வு வரி கடையில் உட்கார்ந்தால் பத்து விழுக்காடு, கட்டிக்கொண்டு போனால் எட்டு. 2021 ஏப்ரலிலிருந்து வரியோடு சேர்த்த விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்பதால் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் திடுக்கிடுவாய். இசாகாயா என்னும் மதுச்சாலையில் உட்கார்ந்தவுடன், நீ கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அதன் பெயர் ஒதோஷி. அது இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். பில்லில் ஆளுக்கு நானூறு யென் போட்டிருந்தது. பிறகுதான் அது உட்காரும் இடத்துக்கான கூலி என்று புரிந்தது. அலுவலக விருந்துகளில் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டியமட்டும் குடிக்கலாம் என்று ஒரே விலை பேசிவிடுவார்கள். உணவோடு சேர்த்து ஆளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் யென் ஆகும், அதைச் சமமாகப் பிரிப்பார்கள். நீ ஊலோங் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தாலும் அதே தொகைதான்.

லண்டன் அத்தை, மாலை 7.31
இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவாய், எப்படிப் போவாய் என்று யாரும் இன்னும் கேட்கவில்லையே. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

டோக்கியோ அக்கா, மாலை 7.40
அத்தை சரியாகக் கேட்டீர்கள். இங்கே நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும், அடுத்த ரயில் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். இரவு பத்திலிருந்து ஐந்து வரை டாக்சிக்கு இருபது விழுக்காடு கூடுதல் கட்டணம். கடைசி ரயிலைத் தவறவிட்டால், சாப்பிட்ட தொகையைவிட டாக்சித் தொகை பெரிதாகிவிடும். அதனால்தான் முதல் ரயில் வரும்வரை கரோக்கி அறையிலோ, இணைய நிலையத்திலோ பொழுதைக் கழிக்கிறார்கள். வந்த புதிதில் நானும் ஒரு முறை அப்படி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி அந்த நிலைக்குப் போகவே கூடாது என்று இப்போதெல்லாம் பதினொன்றே காலுக்கு எழுந்துவிடுவேன்.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, மாலை 7.44
இங்கும் பெருவிரைவு ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை டாக்சி மீட்டரில் பாதித் தொகை கூடுதலாகச் சேரும். முன்பு வார இறுதி இரவுகளில் ஓடிய சிறப்புப் பேருந்துகளும் இப்போது இல்லை. ஆனால் ஊர் சிறியது, தூரம் குறைவு.

லண்டன் அத்தை, இரவு 8.02
எங்கள் ஊரில் சாப்பாடு மலிவு என்று சொன்னால் அது பொய்யாகும். மத்திய லண்டனில் ஒரு பைண்டு (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பியர் ஆறு, ஏழு பவுண்டு. சாதாரண உணவகத்தில் ஒருவேளைச் சாப்பாடு இருபது பவுண்டுக்குக் குறையாது. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் நம்முடைய தோசைக் கடைகள் இருப்பதால்தான் நாங்கள் பிழைத்துக்கொள்கிறோம். விலைப்பட்டியலில் இருபது விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பில்லின் அடியில் பன்னிரண்டரை விழுக்காடு சேவைக் கட்டணம் வரும். உன் சித்தப்பா சொன்ன அதே 120ஐப் பவுண்டாக எடுத்துக்கொண்டால் 135 பவுண்டு. சேவை திருப்தியாக இல்லையென்றால் அதை எடுத்துவிடச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் ஒருபோதும் எடுக்கச் சொன்னதில்லை. 2024 அக்டோபரிலிருந்து அந்தத் தொகை முழுவதும் வேலை செய்கிறவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நின்ற காலிலேயே பரிமாறும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பணத்தைக் குறைக்க எனக்கு மனம் வராது. உட்கார்ந்து மது அருந்த உரிமம் பெற்ற எந்த இடத்திலும் குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், கூச்சப்படாமல் கேள்.

பப்புக்குப் போனால் இங்கே பில்லைப் பிரிப்பதில்லை. ஆளுக்கு ஒரு சுற்று வாங்கித் தர வேண்டும். நீ பழச்சாறு குடித்தாலும் உன் முறை வரும்போது ஐந்து பேருக்கும் நீதான் வாங்க வேண்டும். ஆகவே உன் சுற்றை முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் விடைபெற்றுக்கொள். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்குத் திரும்புவதில் லண்டனை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. 2016 ஆகஸ்டில் தொடங்கி, வெள்ளி, சனி இரவுகளில் ஐந்து சுரங்க ரயில் பாதைகள் விடிய விடிய ஓடுகின்றன; இடையில் கொரோனாக் காலத்தில் மட்டும் நின்றிருந்தன. ஈஸ்ட்ஹாம் பாதை அந்த ஐந்தில் இல்லை. இருந்தாலும் இரவுப் பேருந்து எல்லா நாளும் உண்டு. முதல் பேருந்தில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த ஆண்டுகளில், அதிகாலை மூன்று மணிக்கு அந்தப் பேருந்தின் விளக்கு தெரியும்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

நான், இரவு 8.10
அப்படியென்றால் நான் போட்ட கணக்கு முழுவதும் தவறு. மூன்று ஊர்களின் சாப்பாட்டு விலையை மட்டும் ரூபாயில் மாற்றிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். பில்லின் அடியில் சேருவதையும், குடிக்காதவன் மற்றவர்களோடு பங்கிடுவதையும், திரும்பும் செலவையும் சேர்த்து மறுபடி எழுதுகிறேன். அப்பா, நீங்கள் இவ்வளவு நேரமாக ஒன்றும் சொல்லவில்லையே?

அப்பா, இரவு 8.27
படித்துக்கொண்டுதான் இருந்தேன். 1994 முதல் ஐந்து ஆண்டுகள் நான் சிங்கப்பூரின் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே எப்படிச் சாப்பிட்டேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. விடியற்காலையிலேயே இரண்டு பொட்டலம் வந்துவிடும். மதியம் பிரிக்கும்போது சில நாள் சாம்பார் புளித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போவோம், ஊருக்குப் பணம் அனுப்புவோம், புல்வெளியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். உணவகத்துக்குள் போகவில்லை. அங்கே கொடுக்க வேண்டிய ஐந்து வெள்ளியை உன் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கிவிடுவேன். ஒரே ஒரு முறை, வேலை முடிந்து ஊர் திரும்பும் நண்பன் எங்கள் ஆறு பேரையும் ஒரு வாழையிலைக் கடைக்கு அழைத்துப்போனான். அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

எந்த ஊரையாவது எடுத்துக்கொள். ஆனால் மாதத்தில் இரண்டு முறையாவது மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்கான தொகையை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் இருந்து வீட்டுக்கு அனுப்பு. என்னைப் போல மறுபக்கத்திலிருந்து கணக்குப் போடாதே.

சிங்கப்பூர்ச் சித்தப்பா, இரவு 8.31
அண்ணா, இதை என்னிடம்கூட நீங்கள் சொன்னதில்லை.

நான், இரவு 8.39
அப்பா, நான் சிங்கப்பூர் என்று எழுதிக் கொடுக்கலாம் என நினைக்கிறேன். பணக் கணக்கும் ஒத்துவருகிறது. வாரநாள் முழுவதும் அங்காடிச் சாப்பாடு, மாதம் இரண்டு முறை அந்தக் கூட்டல் குறி உணவகம், பத்தரை மணிக்கு ரயில் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன தொகையை எடுத்து வைத்த பிறகும் மீதி இருக்கும். குடியிருப்பு எந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் என்று மட்டும் நாளை அலுவலகத்தில் கேட்டுவிடுகிறேன்.

லண்டன் அத்தை, இரவு 8.42
நல்லது கண்ணா. நிலையத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேள்.

அப்பா, இரவு 8.50
தம்பி, தேக்காவில் அந்த வாழையிலைக் கடை சந்தைக்கு எதிர்வரிசையில் இருந்தது. இன்னும் இருக்கிறதா?

சிங்கப்பூர்ச் சித்தப்பா, இரவு 8.53
எதிர்வரிசையில் இப்போது பல கடைகள் மாறிவிட்டன அண்ணா. நாளை வேலை முடிந்து நேரே அங்கே போய்ப் பார்க்கிறேன். இருந்தால் ஓர் இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, பில்லை அடிவரை படம் எடுத்துக் குழுவில் போடுகிறேன்.