பழைய ஆரக்கிளை ஒரே இரவில் மாற்றலாமா, படிப்படியாகவா?

நடுச்சாமம்:
எங்கள் பில்லிங் டேட்டாபேஸ் ஆரக்கிள் 11ஜி. அதற்கான நீட்டித்த சப்போர்ட்டே 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்குப் போவது முடிவாகிவிட்டது. ஒரு வார இறுதியில் நிறுத்தி மொத்தமாக மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் இழுத்தால் இரண்டு சிஸ்டத்தையும் கட்டி மேய்க்க வேண்டும்.

செமிகோலன்:
டேபிள்களை ஓரா2பிஜி என்ற இடமாற்றும் கருவி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அர்த்தம் சேருமா? ஆரக்கிளில் வெற்று ஸ்ட்ரிங்கும் 'நல்' மதிப்பும் (மதிப்பே இல்லை என்று பொருள்; பெயரில் மட்டும்தான் நல்லது) ஒன்றே. ஒட்டுவதற்கான இரட்டைக்கோட்டுக் குறியால் (||) அதோடு பெயரை ஒட்டினால் பெயர் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரஸில் அதே குறி மொத்தத்தையும் 'நல்' ஆக்கிவிடும். இனிஷியல் இல்லாதவர்களுக்கெல்லாம் பெயரே இல்லாத பில் போகும். எரர் எதுவும் வராது, அதுதான் வயிற்றெரிச்சல். எங்களுக்கு மூன்றாவது வாரம்தான் தெரிந்தது.

நடுச்சாமம்:
'நல்' மதிப்பை விட்டுவிட்டு மற்றதை ஒட்டும் கான்கேட் ஃபங்ஷன் போட்டால் தீர்ந்தது. ஒத்திகையில் பிடிபட வேண்டியதை நீங்கள் கோட்டை விட்டுவிட்டு முறையைக் குறை சொல்கிறீர்கள்.

செமிகோலன்:
சரி, அந்தக் குட்டை வாங்கிக்கொள்கிறேன். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கிக்கு என்ன சொல்வீர்கள்? 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் மாறினார்கள். டேட்டா ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. புதிய பிளாட்ஃபார்ம்தான் படுத்துவிட்டது. இயல்புநிலை திரும்ப டிசம்பர் ஆனது. 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதம்.

பழைய கை:
செமிகோலன், படிப்படியாக என்றால் இரண்டிலும் எழுதுவீர்களா? ஒன்றில் கமிட் ஆகி (உறுதியாகப் பதிவாகி) மற்றதில் விழுந்தால் எதை நம்புவது? எழுதுவது பழையதிலேயே இருக்கட்டும். ஆரக்கிள் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ரீடூ லாகிலிருந்து அந்த மாற்றங்களைப் புதியதற்கு ஓடவிட்டு, முதலில் ரிப்போர்ட்டுகளை மட்டும் அங்கே மாற்றுங்கள். மாதக் கடைசி பில்லிங்கை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். வரிசை எண்ணிக்கை பொருந்தினால் போதாது, ஒவ்வொரு பில்லின் தொகையும் பொருந்த வேண்டும்.

நடுச்சாமம்:
இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பது சரிதான், செய்கிறோம். ஆனால் கட்ஓவர், அதாவது வேலையைப் புதியதற்கு மாற்றுவது, ஒரே இரவில்தான்.

செமிகோலன்:
திங்கள் காலை 8 மணிக்குத் திறந்து, 10 மணிக்குப் பழையதற்கே திரும்ப வேண்டிவந்தால்? அந்த இரண்டு மணி நேரத்து பில்கள் பழையதில் எப்படி ஏறும்?

நடுச்சாமம்:
அதற்கு ஸ்கிரிப்ட் இல்லை. இன்றே எழுத உட்காருகிறேன். அப்புறமும் வார இறுதிதான், சொல்லிவிட்டேன்.