ஆணி இல்லாத தேவாலயமும் என் அரைகுறை அறிவும்

ரஷ்யாவின் கரேலியாவில், ஒனேகா ஏரிக்குள் இருக்கும் கிஜி தீவுக்குப் போய்வந்தேன். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதுவதால், நம் பழக்கத்தில் 'கிழி' என்றே படித்து வைத்திருந்தேன். பெத்ரசவோத்ஸ்க் நகரப் படகுத்துறையில் அப்படியே டிக்கெட் கேட்டதில் அந்த அம்மா விழித்தார்.

அங்கிருந்து ஹைட்ரோஃபாயில் படகில் ஒன்றேகால் மணி நேரம். தூரத்திலேயே குவிமாடங்கள் தெரிந்துவிடும். மொத்தம் 22. 1714-இல் மரத்தால் எழுப்பிய தேவாலயம், 37 மீட்டர் உயரம். ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியதாம் என்று வீட்டில் எல்லாரிடமும் அளந்துவிட்டு வந்திருந்தேன்.

ஓரிடத்தில் தச்சர் ஒருவர் கோடாரியால் மர ஓடு செதுக்கிக்கொண்டிருந்தார். கைப்பேசி மொழிபெயர்ப்பின் துணையோடு ஆணிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் பழைய ஓடு ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் ஆணித்துளை! சுவரிலுள்ள பைன் கட்டைகளைத்தான் மூலைக்கு மூலை வெட்டிக் கோத்திருக்கிறார்கள். அங்கே ஆணிக்கு வேலையில்லை. குவிமாடத்தைப் போர்த்தியிருக்கும் ஆஸ்பென் மர ஓடுகளை ஆணியடித்துத்தான் பொருத்த வேண்டும். தூரத்தில் வெள்ளித் தகடு என்று நான் நினைத்ததும் இந்த ஓடுகளைத்தான். செதுக்கும்போது வெளிர் மஞ்சள், வெயிலும் மழையும் பட்டுப்பட்டு வெள்ளி நிறம்.

தேவாலயம் சாய்ந்துவிடும் என்ற பயத்தில் 1980-இல் உள்ளே போவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் உள்ளே இரும்புச் சட்டம் நிறுத்தி, மேல்பகுதியை அதில் தாங்கவிட்டு, அடியிலிருந்து அடுக்கடுக்காகப் பிரித்துச் சரிசெய்தார்கள். வேலை முடிந்தது 2020-இல்.

என்னைக் கேட்டால், தேவாலயத்தைவிட ஓஷெவ்னெவ் வீட்டில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். 1876-இல் கட்டிய விவசாயி வீடு. வேறொரு தீவிலிருந்து பிரித்து இங்கே கொண்டுவந்தது. குடும்பம், மாடு, வைக்கோல் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். கீழே தொழுவம், மேலே வைக்கோல்; குதிரைவண்டியே மாடிக்கு ஏறும்படி சாய்வுப் பாதை. பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனி வைக்க வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றதும் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று புரிந்தது.

அங்கேயே நேரம் போய்விட்டது. படகுக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. புல்வெளியில் குறுக்கே ஓடலாம் என்று காலை வைத்தால், விரியன் பாம்பு இருக்கிறது, பாதையை விட்டு இறங்காதே என்று பலகை. சுற்றிக்கொண்டே ஓடினேன்.