லெனேசியாவில் அம்மாவின் தென்னை இந்தக் குளிரைத் தாங்குமா?

லெனேசியா ஆயா – மே 17

வணக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஜோபர்க் (தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்) பக்கம் லெனேசியாவுக்கு வந்துவிட்டேன். சாமான் செட்டெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்தாயிற்று. ஒன்றை மட்டும் விட மனசில்லாமல் பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் ஏற்றிக் கட்டினேன். அம்மா கடைசியாக வாங்கி வைத்த தென்னம்பிள்ளை. நர்சரிக்காரர் "கோக்கோஸ்" என்று சொல்லிக் கொடுத்தாராம். "முதல் காயை மாரியம்மனுக்கு உடை" என்று சொல்லிவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இப்போது என் உயரம் இருக்கிறது, ஆறு ஓலை. ஒவ்வொரு குளிரிலும் பாதி கருகி, நவம்பரில் மறுபடி துளிர்க்கிறது. போன ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு வந்த ராத்திரி ஒரே குளிர். பயந்துபோய்க் கறுப்புக் குப்பைப் பையைத் தலையில் கவிழ்த்துக் கட்டினேன். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தால் உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. பை ஒட்டிய இடமெல்லாம் வெந்த கீரை மாதிரி. இந்த வருஷம் கிறிஸ்மஸ் விளக்கைச் சுற்றிவிடலாம் என்கிறான் மகன். கரண்ட் போய்விட்டால்? டர்பனில் இருந்தவரை மரத்துக்குக் குளிருமா என்று நான் யோசித்ததே இல்லை. நேற்றுக் காலை புல்மேல் வெள்ளையாக உறைபனி விழுந்துவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

பெனோனிப் பையன் – மே 17

ஆன்ட்டி, தென்னை இங்கே பிழைக்காது. 2023 ஜூலை 10 அன்று ஜோபர்க்கில் பனி கொட்டியது ஞாபகம் இருக்கும். அந்த வாரம் வாசலில் சட்டியில் இருந்த என் அரேக்கா பனைச் செடி மூன்றும் போய்விட்டன. தென்னை அதைவிடச் செல்லம். சட்டியில் இருந்தால் உள்ளே தூக்கி வையுங்கள். மண்ணில் இருந்தால்... சாரி ஆன்ட்டி.

மாரிட்ஸ்பர்க் தோட்டக்காரன் – மே 18

தம்பி, அதற்குள் பாடை கட்டாதே. நாற்பது வருஷம் செடி கொடியோடு பிழைத்தவன் நான். நீங்கள் ஆயா என்று பெயர் வைத்திருந்தாலும் எனக்கு 74, தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன்.

மூன்று குளிரைத் தாண்டியது என்று படித்ததுமே சந்தேகம் தட்டியது. நிஜத் தென்னை லெனேசியாவில் முதல் ஜூலையையே தாண்டாது. மூன்று விஷயம் சொல்லுங்கள். வாங்கியபோது அடியில் தேங்காய் நெற்று ஒட்டிக்கொண்டிருந்ததா? ஓலையில் கீற்றுகள் சீப்பு மாதிரி இரண்டு பக்கமும் தட்டையாக நிற்கின்றனவா, இல்லை பூனை வால் மாதிரி எல்லாப் பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றனவா? மரம் வீட்டுக்கு எந்தப் பக்கம்?

லெனேசியா ஆயா – மே 18

நெற்று இல்லை அண்ணே. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, நானே கேட்டேன். மட்கிப் போயிருக்கும் என்றார் நர்சரிக்காரர். இப்போது போய்ப் பார்த்தேன், ஓலை பூனை வால்தான். மரம் வீட்டுக்குத் தெற்கே, சுவர் ஓரம். யூடியூபில் லண்டன்காரர் ஒருவர் தெற்குச் சுவர்தான் கதகதப்பு என்றார். ஏன் கேட்கிறீர்கள்? அது தென்னை இல்லையா?

மாரிட்ஸ்பர்க் தோட்டக்காரன் – மே 18

இல்லை தங்கச்சி. ஆனால் இது நல்ல சேதி.

அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த குயின் பாம் என்கிற பனை வகை. ஒரு காலத்தில் இதையும் தென்னையின் பேரினப் பெயரிலேயே கோக்கோஸ் புளூமோசா என்று எழுதி வைத்தார்கள். அப்புறம் தாவரவியல்காரர்கள் சியாக்ரஸ் என்று பிரித்துவிட்டார்கள். நர்சரிகளின் வாயில் மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. டர்பன் தெருக்களில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டிப் பழம் குலையாகத் தொங்குமே, அதே மரம்தான். தேங்காய் காய்க்காது. ஆனால் தென்னை 10 டிகிரிக்குக் கீழே போனாலே முகம் சுளிக்கும். இதற்கு -4 வாக்கில்தான் ஓலை கருகும்.

உங்கள் மரத்துக்கு முதல் எதிரி அந்த லண்டன்காரர். அவருக்குச் சூரியன் தெற்கே சாயும், பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கு வடக்கே. வீட்டுக்குத் தெற்கே வைத்தால் ஜூன், ஜூலை முழுக்க வீட்டு நிழல்தான். ஆனால் இப்போது பிடுங்காதீர்கள், குளிர்ந்த மண்ணில் புது வேர் ஓடாது. அக்டோபரில் மண் சூடானதும் வடக்குப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் குளிருக்கு: மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிதான் கெட்ட ராத்திரி. அன்றைக்குத் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் வந்து தேங்கும். உங்கள் தெரு தாழ்வாக இருந்தால் மேட்டுத் தெருவைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். ஓலைகளை மேலே கூட்டித் தளர்வாகக் கொண்டை முடிகிற மாதிரி கட்டுங்கள். சுற்றி மூன்று கழி ஊன்றி, அதன்மேல் கோணிச் சாக்கோ நர்சரியில் விற்கும் வெள்ளைத் துணியோ தரைவரை தொங்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு, தரையில் சூடு இருக்கும்போதே மூடிவிட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் திறக்க வேண்டும். பிளாஸ்டிக் கூடவே கூடாது. போன வருஷம் ஓலையை வேகவைத்தது குளிர் மட்டுமில்லை, அந்த வேர்வையும்தான். குளிரில் அடிபட்ட குருத்தில் ஈரம் நின்றால் பூஞ்சை இறங்கும். இந்த மாதிரி ஒற்றைத் தண்டுப் பனைக்கெல்லாம் தலை ஒன்றுதான். குருத்து அழுகினால் பக்கத்தில் இன்னொன்று வெடிக்காது.

கருகின ஓலையை அசிங்கமாக இருக்கிறதே என்று வெட்டாதீர்கள். அதுவே குருத்துக்குச் சால்வை. ஜோபர்க் மேட்டுநிலக் குளிர்காலத்தில் அநேகமாக மழை கிடையாது. பத்து நாளுக்கு ஒரு தரம் காலையில் அடியில் தண்ணீர் விடுங்கள், தலையில் ஊற்றாதீர்கள். ஈர மண் பகல் சூட்டை ராத்திரிக்குப் பிடித்து வைக்கும். உரம் செப்டம்பர்வரை வேண்டாம்.

கிறிஸ்மஸ் விளக்கு எல்.இ.டி. என்றால் அழகுக்குத்தான் ஆகும், சூடே வராது. சூடு தருவது பழைய இழை பல்புதான். அதுவும் சாக்கைத் தொட்டால் வேறு வம்பு.

டொங்காட் மல்லி – மே 19

இன்னொன்று அக்கா. ஆடிக்குத் தோரணம் கட்ட அந்த வெள்ளைக் குருத்தோலையில் கை வைத்துவிடாதீர்கள். எங்கள் மாமா கோயிலுக்கென்று ஆசையாக வெட்டினார், அந்த மரம் ஒரு கோடை முழுக்க அசையாமல் முறைத்துக்கொண்டே நின்றது.

லெனேசியா ஆயா – செப்டம்பர் 21

அண்ணே, மரம் இருக்கிறது! இரண்டு ஓலைதான் போயிற்று. ஜூலையில் ஒரு நாள் காலை ஆறரைக்குப் போனால் சாக்கு அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது, தட்டினால் டொக் டொக் என்று சத்தம். உள்ளே கை விட்டுப் பார்த்தேன், ஓலை ஈரமில்லாமல் பச்சையாக இருந்தது. மூடுவது என் வேலை, திறப்பது பேத்தி வேலை. பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் திறந்துவிட்டு ஓடுவாள். நேற்றுக் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வரவில்லை, கெட்டியாக நிற்கிறது. அடியில் விரற்கடை அளவு புதுப் பச்சை.

ஆடியில் கடைத் தேங்காய் வாங்கி அம்மா பெயரைச் சொல்லி உடைத்துவிட்டேன். தென்னை இல்லை என்று கோயிலில் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் மாற்றக் குழி எவ்வளவு ஆழம் வேண்டும்?

மாரிட்ஸ்பர்க் தோட்டக்காரன் – செப்டம்பர் 21

இழுத்தும் வராத குருத்து என்றால் பயமில்லை. வேர்ப்பந்து எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம் போதும், அகலம் மட்டும் இரண்டு மடங்கு. இப்போது நிற்கிற மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள். சுவர் ஓரம் சிமெண்டுக் கழிவு கிடந்தால் அள்ளி எறியுங்கள். அந்தச் சுண்ணாம்பு மண்ணில் மாங்கனீசு ஏறாமல் புது ஓலை சுருண்டு வரும், நீங்கள் மறுபடியும் குளிரைத் திட்டுவீர்கள். நட்டு இரண்டு மாதம் வாரம் மூன்று தரம் தண்ணீர். பேத்தியிடமே கொடுங்கள்.