அஞ்சு வீடு இருந்த எடத்துல 32 ஃப்ளாட், எங்க தெருவுல நடந்தது

மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு எங்களது. தாத்தா கட்டின வீடு, நான் வளந்ததும் இங்கதான். அந்த ரோட்டுக்கு ஏன் அந்தப் பேருன்னு இப்ப குடிவந்தவங்க நிறைய பேருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா ஏரி இருந்த எடம் இது, 1920கள்ல அதைத் தூத்துதான் தி.நகரே வந்துச்சு. இத முதல்ல சொல்றதுக்குக் காரணம், எங்க பிரச்சனை ஆரம்பிச்சதே தோண்டினப்பதான்.

பக்கத்துல வரிசையா இருந்த அஞ்சு தனி வீட்டையும் ஒரே பில்டர் ஜாயின்ட் வென்ச்சர்ல, அதாவது நிலம் அவங்களது, கட்டறது இவருன்னு பேசி, எடுத்தாரு, மொத்தம் ஆறு கிரவுண்ட். குடுத்தவங்க மேல எனக்குக் கோவமே இல்ல, பசங்கல்லாம் வெளிநாட்டுல, எழுபது வயசுல ஒழுகற வீட்டை வச்சுகிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க பாவம். முன்னாடி எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5ஆ இருந்தது, 2019 கட்டட விதிகள்ல 2 ஆச்சு, அப்ப 2400 சதுர அடி கிரவுண்டுக்கு 4800 சதுர அடி கட்டலாம், ஆறு கிரவுண்டுக்கு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அஞ்சு மாடி, 32 ஃப்ளாட், கீழ காருக்கு பேஸ்மென்ட். உயரம் 18.30 மீட்டரத் தாண்டல, அதனால ஹைரைஸ், அதாவது உயரக் கட்டடம்ங்கற கணக்குலயும் வராது. பிளான் வாங்கிப் பாத்தேன், பேப்பர்ல ஒரு தப்பும் இல்ல.

பேஸ்மென்ட்டுக்குத் தோண்டினா தண்ணி ஊறிகிட்டே இருக்கும்ல, மோட்டார் போட்டு ராப்பகலா இறைச்சு மழைநீர் வடிகால்ல விட்டாங்க. ரெண்டு வாரம் இருக்கும், எங்க உறைகிணத்துல கயிறு விட்டுப் பாத்தேன். வெயில் காலத்துலகூட பதினெட்டு அடில நனையற கயிறு முழுசும் காஞ்சே மேல வந்துச்சு, 2019ல சென்னையே தண்ணிக்கு அலைஞ்சப்பகூட இந்தக் கிணறு அடியோட வத்தினதில்ல.

அதே மாசம் பூஜை ரூம் சுவத்துல தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அம்மா அது முடியற எடத்துல பென்சிலால குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதி வச்சாங்க, மார்ச் 4. அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேத்தப் போனா விரிசல் கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை போயிருந்தது. இன்னொரு கோடு, இன்னொரு தேதி. இப்ப சுவத்துல ஏழு கோடு இருக்கு.

சைட் இன்ஜினியரக் கூப்பிட்டு காட்டினோம், தன்மையாதான் பேசினாரு, "பழைய சுண்ணாம்புச் சுவர் மாமி, இது முன்னாடியே இருந்திருக்கும்"னாரு. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, தெனம் துடைக்கற சுவரு, அவங்களுக்குத் தெரியாதா. ஆனா முன்னாடி இல்லன்னு காட்ட எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல. அதனால கேட்டுக்கறேன், பக்கத்து மனை வேலிய தகர ஷீட் போட்டு மறைக்க ஆரம்பிச்ச அன்னிக்கே உங்க வீட்டு சுவர், தரை, காம்பவுண்டு, கிணத்துத் தண்ணி மட்டம் எல்லாத்தையும் அன்னிய தேதிப் பேப்பரோட சேத்து போட்டோ எடுங்க, அதை வச்சு பில்டருக்கு, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி கிடைக்கற மாதிரி தபால்ல ஒரு லெட்டர் போட்டுடுங்க. நாங்க லேட்டா போட்டோம், சுவத்துக்குப் பூச்சு வேலை மட்டும் பண்ணிக் குடுத்தாங்க.

ஆள் குடிவந்தப்புறம் வேற கதை. பாதாள சாக்கடைக் குழாய் அஞ்சு வீட்டுக்குப் போட்ட அதே குழாய், இப்ப 32 குடும்பம். காலைல ஏழுலேந்து எட்டரைக்குள்ள எங்க கேட் முன்னாடி இருக்கற மேன்ஹோல் ததும்பும், அதுல கால் வச்சுதான் பொண்ணு ஸ்கூல் வேன் ஏறுது. நானும் முதல்ல ஃப்ளாட்காரங்க மேலதான் எரிச்சல்பட்டேன். அப்புறம் அவங்க அசோசியேஷன் செக்ரட்டரியும் நானும் சேந்தே குடிநீர் வாரிய டெப்போவுக்குப் போனோம், அதுக்கப்புறம்தான் அடைப்பு எடுக்கற வண்டி வாராவாரம் வருது. பெரிய குழாய் மாத்தறது இன்னும் நடக்கல.

பதில்:

படிக்கும்போது வயித்த என்னவோ பண்ணுது. நாங்க மௌலிவாக்கம் பக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், நல்ல மழை, 11 மாடிக் கட்டடம் அப்படியே உக்காந்துடுச்சு, 61 பேர் போயிட்டாங்க, நிறைய பேர் ஆந்திராலேந்து வேலைக்கு வந்தவங்க. பக்கத்துல நின்ன இன்னொரு டவர வெடி வச்சு இடிச்சது 2016 நவம்பர் 2ஆம் தேதிதான். நடுவுல இருந்த ரெண்டு வருஷமும் மழை பேஞ்சா எங்க வீட்ல ஒருத்தர் முழிச்சிட்டே இருப்போம். இன்னிக்கும் எங்க ஏரியால ஒரு புது போர்டு நட்டா நான் போய் கேக்கற முதல் கேள்வி மண் பரிசோதனை பண்ணீங்களா, ரிப்போர்ட் எங்கன்னுதான். மூஞ்சி சுளிப்பாங்க, பரவால்ல. உங்க வீட்டை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட காட்டுங்க, பூச்சு பூசினா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம போயிடும்.

பதில்:

ரொம்ப நன்றிங்க. இன்ஜினியர் போன வாரம் வந்து பாத்தாரு, அஸ்திவாரம் ஒரு மூலைல லேசா எறங்கியிருக்கு, இப்போதைக்கு பயமில்லன்னாரு. அம்மா அந்த ஏழு கோட்டு மேல மட்டும் பூசவே விடல, அப்படியே இருக்கு. கடைசி கோடு ஆகஸ்ட் 19, அதுக்கப்புறம் விரிசல் நகரல. கிணறுதான் இன்னும் பழைய மட்டத்துக்கு வரல, ஐப்பசி மழை முடிஞ்சதும் மறுபடி கயிறு விட்டுப் பாத்து இங்கயே வந்து சொல்றேன்.