டைப்ஸ்கிரிப்ட்: மாறியில் வைத்து அனுப்பினால் மட்டும் கூடுதல் புலத்தைக் கம்பைலர் விட்டுவிடுவது ஏன்?

கேள்வி (கிருஷ்ணகிரி)

வணக்கம். இங்குள்ள மாங்காய் மண்டி ஒன்றுக்கு எடைச் சீட்டு போடும் நிரலை டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதி வருகிறேன். சீட்டு என்ற டைப்பில் (தரவில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற வரையறை) ரகம், எடை, விலை ஆகிய மூன்றும் கட்டாயப் புலங்கள். கழிவு (எடையிலிருந்து தள்ளுவது) எல்லா லோடுக்கும் பிடிப்பதில்லை என்பதால் அதற்கு மட்டும் கேள்விக்குறி போட்டு விருப்பப் புலமாக வைத்தேன். புலப் பெயர்கள் தமிழ்ச் சொற்களே, ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. கழிவில் உள்ள ழகரத்துக்கு நான் ‘இசட், எச்’ போட்டிருக்க, உடன் எழுதும் தம்பி ‘எல்’ போட்டுவிட்டார். அதனால் 2,000 கிலோ பெங்களூரா ரக மாங்காய் லோடு ஒன்றுக்குப் பிடிக்க வேண்டிய 60 கிலோ கழிவு பிடிபடாமல், முழு எடைக்கும் தொகை விழுந்துவிட்டது.

அந்தச் சீட்டின் ஆப்ஜெக்டை (புலங்களும் அவற்றின் மதிப்புகளும் கொண்ட தொகுப்பு) ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் நேரடியாக எழுதினால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் உடனே சிவப்புக் கோடு போடுகிறது. ஒரு மாறியில் வைத்து அந்த மாறியை அனுப்பினால் வாய் திறப்பதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

பதில் (தர்மபுரி)

டைப்ஸ்கிரிப்டில் டைப் என்பது ‘இவை கட்டாயம் இருக்க வேண்டும்’ என்ற உறுதியே தவிர, ‘இவற்றைத் தவிர வேறெதுவும் கூடாது’ என்ற தடை அன்று. கூடுதல் புலம் உள்ள ஆப்ஜெக்டும் சீட்டுதான். நேரடியாக எழுதும் ஆப்ஜெக்டுக்கு மட்டும் 2015-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து தனிச் சோதனை ஒன்று உண்டு. எழுதிய இடத்திலேயே கொடுத்துவிடும் ஆப்ஜெக்டின் கூடுதல் புலத்தை வேறு யாரும் படிக்க வழியில்லை, ஆகவே அது எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும் என்பது அதன் கணக்கு. மாறியில் வைத்துவிட்டால் அந்தப் புலம் வேறெங்காவது பயன்படலாம் என்று கம்பைலர் விட்டுவிடும். மாறியை அறிவிக்கும்போதே சீட்டு என்று டைப் எழுதுங்கள், 4.9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பானால் சாட்டிஸ்ஃபைஸ் (மதிப்பு டைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் சொல்) போட்டாலும் அங்கேயே பிடிபடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. நான் எழுதிய இடங்களில் பிடிபடுகிறது. ஆனால் தம்பி முந்தைய சீட்டை மூன்று புள்ளி வைத்து விரித்து (அதன் புலங்களை அப்படியே எடுத்துக்கொண்டு), எடையை மட்டும் மாற்றிப் புதுச் சீட்டு செய்கிறார். டைப் எழுதியும் அங்கே பிழை வரவில்லை.

பதில் (பாலக்கோடு)

விரித்து வரும் புலங்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஃபங்ஷனை ஜெனரிக்காக (வரும் ஆப்ஜெக்டின் டைப்பை அப்படியே ஏற்பதாக) மாற்றி, வரும் ஆப்ஜெக்டில் சீட்டுக்கு வெளியே உள்ள புலங்களை எக்ஸ்க்ளூட் என்ற கருவி கொண்டு பிரித்து, அவற்றின் டைப்பை நெவர் (எந்த மதிப்பும் பொருந்தாத டைப்) ஆக்கினால் பிழை காட்டும். ஆயினும் இடையில் யாராவது அந்த மாறிக்குச் சீட்டு என்று டைப் எழுதிவிட்டால், கூடுதல் புலம் இருப்பதே கம்பைலருக்கு மறந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு டைப் சோதிக்கும் இன்னொரு கருவியான ஃப்ளோவில் இதற்கென்றே, கூடுதல் புலத்தை ஏற்காத எக்ஸாக்ட் டைப் உண்டு; டைப்ஸ்கிரிப்டுக்கும் அது வேண்டும் என்று, அதன் நிரல் வைக்கப்பட்டுள்ள கிட்ஹப் தளத்தில் 2016-இலேயே கேட்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், தங்களுக்கு இவ்வளவு வித்தை தேவையில்லை. பணத்தைத் தொடும் புலத்துக்குக் கேள்விக்குறி போட்டதுதான் கோளாறு. அதை எடுத்துவிட்டு, கழிவு இல்லாத லோடுக்கு 0 என்று எழுதச் சொல்லுங்கள். அப்போது பெயர் தவறினால் கட்டாயப் புலம் காணவில்லை என்ற பிழை வரும். அது மாறி வழியாக வந்தாலும் விரித்து வந்தாலும் தப்பாது. ஜேசானாக (தரவை எழுத்து வடிவில் அனுப்பும் முறை) வெளியிலிருந்து வரும் தரவு மட்டும் இதற்குள் அடங்காது, ஏனெனில் நிரல் ஓடும் நேரத்தில் டைப் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அங்கே, ஓடும்போதே தரவைச் சோதிக்கும் ஸாட் போன்ற நூலகத்தை வையுங்கள். அது வழக்கமாகக் கூடுதல் புலத்தைச் சத்தமில்லாமல் கழற்றிவிடும், ஸ்ட்ரிக்ட் என்று சொன்னால்தான் மறுக்கும்.

கேள்வி கேட்டவர்

கேள்விக்குறியை எடுத்தவுடன் ஏழு இடங்களில் பிழை வந்தது. நான்கில் கழிவே எழுதப்படவில்லை, 0 சேர்த்தேன். மூன்றில் ‘எல்’ இருந்தது. அந்த மூன்றில் ஒன்று நானே எழுதியது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.