டெட்ஹெட்டிங்: செம்மல் களைதலா, வாடுபூ நீக்கமா?

குழுவினருக்கு வணக்கம். நான் மொழிபெயர்த்துவரும் ரோஜா வளர்ப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வெளிர் இளஞ்சிவப்பு ரோஜாவான 'நியூ டான்' பற்றிய இயலில் 'டெட்ஹெட்டிங்' (செடியில் வாடிய பூக்களை நீக்குதல்) என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'பூ நீக்கம்' என்று எழுதினால், மலர்ந்த பூவைப் பறிப்பதாகப் பொருள்பட்டுவிடுகிறது. தக்க சொல் உண்டா?

*

அன்புள்ள அம்மா, அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவந்தோறும் பூவுக்குப் பெயர் வைத்த மொழியில் இதற்குச் சொல் தேடி வெளியே போகவேண்டியதில்லை. வீதல் என்றால் அழிதல். 'வீ' உதிர்ந்த பூ. உதிர்ந்ததை யாரும் வெட்டுவதில்லை. காம்பிலேயே நின்று வாடும் பழம்பூதான் செம்மல். செம்மை என்பதில் நிறத்தோடு முதிர்ச்சியும் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். நியூ டானின் இதழ் வெயிலில் ஏறத்தாழ வெண்மையாகி, விளிம்பு பழுப்பேறிச் சுருங்கும் நிலையைப் பாருங்கள், அதுவே செம்மல். எனவே 'செம்மல் களைதல்' என்று எழுதுங்கள்.

*

ஐயா, தங்கள் விளக்கம் அழகானது. ஆயினும் இன்றைய வாசகருக்குச் செம்மல் என்றால் சான்றோர். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலோ அது தனியொரு பூவின் பெயர். 'வாடுபூ' வினைத்தொகையாதலால் வாடிய, வாடுகின்ற, வாடும் பூ மூன்றையும் தழுவும். மாணவருக்கும் உடனே விளங்கும். மேலும், நியூ டான் கொத்தாகப் பூப்பது. முதலில் கொத்துக்குள் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறோம். எல்லாம் வாடியபின் கொத்தையே, நல்ல இலைக்கணுவுக்குச் சற்று மேலே, கத்தரியால் வெட்டுகிறோம். இரண்டுக்கும் பொதுவாக 'நீக்கம்' போதும். 1931-இல் அமெரிக்காவின் முதல் தாவரக் காப்புரிமை இந்த ரோஜாவுக்குக் கிடைத்ததே அது திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்புக்காகத்தான். வாடிய பூவை விட்டுவைத்தால் செடியின் ஊட்டம் காய்க்கும் விதைக்கும் போய், அடுத்த பூப்பு தளர்ந்துவிடும்.

*

'கவாத்து' என்றே எழுதலாமே என்று வேறொரு நண்பர் கேட்டிருந்தார். அது வழக்கில் ஊறிய சொல்தான். ஆனால் கிளையை வெட்டுவதையும் குறிப்பதால் இங்கே குழப்பும்.

*

நால்வர் வாடுபூவை ஆதரித்திருப்பதால் 'வாடுபூ நீக்கம்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். செம்மலை அடிக்குறிப்பில் தருகிறேன், ஐயா.

*

தங்கள் நெருக்கடி புரிகிறது, அம்மா. ஆயினும் வாடுபூ மொட்டிலேயே கருகியதையும் குறிக்கக்கூடும். முழுதும் மலர்ந்து முதிர்ந்தது என்பதைச் செம்மல் மட்டுமே சொல்கிறது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.